ஆபரேட்டர் ரூம் ஜன்னல்

1

திருத்தணி மலைமேல் பொழுது புலர்ந்தது. படிகளில் பக்தர்கள் —

வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்கள் காலையில் உள்ளே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருவார்கள். மலையில் பொழுது எப்படிப் போனால் அவர்களுக்கென்ன?

கதை எனக்குக் கிடைத்த இடத்தையே சொல்லிவிடுகிறேன். கனகம்மாசத்திரத்தில் பஸ் பஞ்சராகி, டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஒருவர், நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுவேன் என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர் நெருங்கி வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஆபீஸ் கதைய எழுதுங்க சார். பேரை மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன். இனி அவர் துரைக்கண்ணு.

2

அந்த அலுவலகம் திருத்தணியில் ஒரு பழைய சினிமா தியேட்டர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனி அதை வாடகைக்குப் பிடித்து, நாற்காலி வரிசைகளைப் பிடுங்கிவிட்டு மேசைகளைப் போட்டது. தியேட்டர் என்பதால் ஹாலில் ஜன்னலே கிடையாது. பகலிலும் இருட்டாக இருக்க வேண்டும் என்று கட்டிய கட்டடம். கட்டியவர் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தார்.

ஒரே ஜன்னல் மாடியில், படம் ஓட்டும் ஆபரேட்டர் ரூமில் இருந்தது. அதுதான் மேனேஜர் அறை. ஒரு சுவரில் புரொஜெக்டருக்காக விட்ட இரண்டு சதுர ஓட்டைகள். குனிந்து பார்த்தால் கீழே வேலை செய்கிற அத்தனை தலையும் தெரியும்.* எதிர்ச்சுவரில் ஜன்னல். அதில் மலை தெரியும், கடைத்தெரு தெரியும், சில நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குரங்கும் தெரியும்.

(* நிர்வாகத்துக்கு இவ்வளவு தோதான அறையை நானாகக் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.)

துரைக்கண்ணு வருஷக்கணக்காகக் கீழே டியூப்லைட் அடியில் உட்கார்ந்து, மேனேஜர்கள் ஒவ்வொருவராக மாறிப் போகும்வரை காத்திருந்து மேலே வந்தவர். வந்த நாள்முதல் மதியச் சாப்பாடு ஜன்னலோரம்தான். மேகத்தின் நிழல் மலைமேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். இந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பங்கு கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

3

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஊழியர் நல அதிகாரி கல்பனா வந்தார். (இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பாவம், அவர் உண்மையாகவே நம்பினார்.) வேலை செய்யும் இடத்தில் பகல் வெளிச்சமும் பச்சையும் இருந்தால் ஊழியர்களின் சோர்வு குறையும், தூக்கம் சீராகும், மனசு லேசாகும் என்று ஓர் ஆய்வில் படித்திருந்தார். ஆய்வில் தப்பில்லை. கம்பெனி அதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் —

சரி, நடந்ததையே சொல்கிறேன். முதலில் பிளாஸ்டிக் செடிகள் வந்து இறங்கின. அவற்றின் தூசியைத் துடைக்க ஊழியர்களிலேயே ஒரு குழு போட்டார்கள். திரை இருந்த சுவரில் அருவிப் படம் ஒட்டினார்கள். ஸ்பீக்கரில் பறவைகள் நாள் முழுக்கக் கத்தின.

"இது எந்த ஊரு பறவைங்க மேடம்?" என்று கேட்டாள் காஞ்சனா. நெசவுக்குப் பேர்போன அம்மையார்குப்பத்துப் பெண். தறிச் சத்தத்தில் தொட்டில் ஆடியவளுக்கே அந்தச் சத்தம் தாங்கவில்லை.

"பின்லாந்து."

"அதான் குளிர்ல கத்தறாப்ல இருக்குது. ஏசிய கொறைக்கச் சொல்லுங்க மேடம், தானா நின்னுடும்."

பிறகுதான் கல்பனா மாடி ஏறி வந்து ஜன்னலைப் பார்த்தார். துரைக்கண்ணு அவசரமாகச் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"சார், இவ்வளவு பெரிய வசதிய நீங்க ஒருத்தரே வெச்சிருக்கீங்களே!"

அடுத்த வாரமே 'சூரிய நேரம்' தொடங்கியது. ஒவ்வொருவரும் முறை வைத்து மாடிக்குப் போய் ஜன்னலோரம் அரைமணி உட்காரலாம். மேனேஜருக்கு ஹாலில், ஏசிக்கு நேர் கீழே ஒரு மேசை.

4

துரைக்கண்ணுவுக்குக் கீழே இருந்த காலத்துத் தலைவலி மறுபடியும் வந்தது. மணி பத்தா நாலா என்று உடம்புக்குத் தெரியவில்லை. சின்னத் தப்புக்கெல்லாம் எரிந்து விழுந்தார். "இன்னாத்துக்கு இப்படி மூஞ்சிய வெச்சுகினு கீறீங்க?" என்று மனைவி சந்திரா கேட்டதும் எழுந்துபோய் மோட்டார் போட்டு, வழியும்வரை தொட்டியை நிரப்பினார்.

அடிக்கடி தலையைத் தூக்கி அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டார். யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற கூச்சம். ஆனால் அங்கே ஒரு முகமும் இல்லை. மேலே போனவர்கள் யாரும் கீழே பார்ப்பதே இல்லை.

அவர்கள் இறங்கி வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. ஆய்வு பலித்துவிட்டது என்று கல்பனா துள்ளினார். மூன்றாம் வாரம் ஹுமேரா வேலையை விடுவதாகத் துரைக்கண்ணுவிடம் வந்து நின்றாள். கடைத்தெரு மெக்கானிக் ஹனீஃபாவின் மகள். ஹாலிலேயே வேகமான கை அவளுடையது.

"ஏம்மா, உடம்பு எதுனா சரியில்லையா?"

"நல்லா இருக்குது சார். அதாலதான் போறேன்."

"புரியலம்மா."

"அங்க உக்காந்துகினு பாத்தேன் சார். எங்கப்பா கடை வாசல்ல குந்திகினு டீ குடிச்சுகினு இருந்தாரு. தனியா சிரிச்சுகினு. வேலைக்கு வந்ததுலர்ந்து நான் அவரைப் பகல்ல பாத்ததே இல்ல சார். ஞாயித்துக்கெழமை தூங்கிப் போயிடுவேன். தாடி வெளுத்துப்போச்சு, எனக்குத் தெரியவே இல்ல."

"போயி இன்னா பண்ணுவே?"

"கடையில ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறேன்."

துரைக்கண்ணு அவளை வாழ்த்தி அனுப்பியதாகச் சொன்னார். இங்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மேனேஜர் அப்படியா பேசுவார்? டீயை வைத்துவிட்டுக் கேட்டேன்: "அவ்வளவுதான் சொன்னீங்களா?"

கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார். "ஆங்… உன் சீட்டுக்கு யாரைப் போடறதுன்னும் கேட்டேன்."

இப்போதுதான் அவர் நிஜமான ஆள் ஆனார். வாழ்த்திய வரியை அடித்துவிட்டேன்.

ஹுமேராவுக்குப் பிறகு ராஜீவ். ஜன்னலில் திருப்பதி பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு நாள் அதில் ஏறிவிட்டான். அங்கே ஒரு லாட்ஜில் வேலையாம். வாசல் பக்கம் நல்ல வெயிலாம். அப்புறம் இன்னும் இரண்டு பேர்.

5

சென்னையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஊழியர்களின் மகிழ்ச்சி ஏறியிருந்தது, ஊழியர்கள் குறைந்திருந்தார்கள். வெளிச்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று முடிவானது.

ஜன்னலைப் பலகை அடித்து மூட வேண்டும். அதன்மேல் சூரிய விளக்கு பொருத்தப்படும். காலையில் மஞ்சளாகவும் மதியம் வெள்ளையாகவும் தானே நிறம் மாறும். மழைநாளிலும் எரியும்; நிஜச் சூரியனுக்கு இல்லாத வசதி. அறை மறுபடியும் துரைக்கண்ணுவுக்கே.

"உங்களுக்குச் சந்தோஷம்தானே சார்?" என்று கேட்டார் கல்பனா. கேட்கும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஆங் மேடம்" என்றார் துரைக்கண்ணு.

6

அரசு என்ற தச்சர் பலகையோடு வந்தபோது காஞ்சனாவின் முறை ஓடிக்கொண்டிருந்தது.

"எழுந்திரும்மா. ஜன்னல மூடணும்" என்றார் துரைக்கண்ணு.

"என் டைம் இன்னும் முடியல சார்."

"ஆர்டர் வந்திருக்குது காஞ்சனா."

"வரட்டும் சார். முடிஞ்சதும் எழுந்துக்கறேன்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரைக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. அதட்ட நினைத்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நின்றவரின் கண்ணில் மலை பட்டது. அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்து, பாறையெல்லாம் பளபளவென்று — (மலை வர்ணனையில் எனக்கு வரும் ஆசையை அடக்குகிறேன்) — பட்டது, அவ்வளவுதான். அதட்டல் வாயிலேயே நின்றுவிட்டது.

ஆணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, கீழே இருந்தவர்கள் முறை இல்லாமலே ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கோஷமெல்லாம் இல்லை. சும்மா வந்து நின்று பார்த்தார்கள். அறை நிறைந்துவிட்டது. கீழே ஆளில்லாத ஹாலில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது சென்னைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அரசு பலகையைத் தூக்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தார். பாதி மலை மறைந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத் துரைக்கண்ணு எனக்கு மூன்று விதமாகச் சொன்னார். முதல் டீயின்போது, "மூடிட்டோம் சார், வேற இன்னா பண்றது" என்றார். இரண்டாவது டீயின்போது, அரசுவைப் பலகையோடு திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னலோர சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, "அன்னிக்கு எனக்கு லீவு சார், நான் அங்க இல்லவே இல்ல" என்றார். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது நடந்திருக்கும்போல் இருக்கிறது, இரண்டாவது நடக்க வேண்டும்போல் இருக்கிறது, மூன்றாவதில் என்னையே பார்த்ததுபோல் இருக்கிறது. எதையும் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அதனால் அரசு இன்னும் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாயில் ஆணிகள், இடுப்பில் சுத்தியல். காஞ்சனா எழுந்திருக்கவில்லை. கீழே போன் ஓயவில்லை. துரைக்கண்ணு வேறு பக்கம் பார்க்கிறார். அரசு ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு, இங்கே, இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"நீங்களாவது சொல்லுங்க. கை நோவுது. அடிக்கட்டா, வேணாமா?"