சித்ராதேவி வீட்டுப் பவளம்

மைதிலிக்கு வெளிச்சத்தைப் பற்றித் தெரியும் என்பது அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சாயம் போட்டு வந்த துணியை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, கடை வெளிச்சத்தில் இது என்ன நிறம், பகல் வெளிச்சத்தில் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் ஓகே சொல்லாமல் ஒரு ரோல் துணியும் கட்டிங்குக்குப் போகாது.

அதனால், உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆரம்பித்தபோது, எந்த விளக்கு வாங்குவது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பகல் போலப் பளிச்சென்று எரியும் வெள்ளை எல்இடி ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து, அதே காம்பவுண்டில் பக்கத்து வீட்டில் இருந்த சித்ராதேவியும் ஒரு தொட்டி வாங்கினாள். அவள் மைதிலியின் கணவனுக்கு அண்ணன் மனைவி. மைதிலி வாங்கிய அதே கடையில், அதே வகைப் பவளத்தை வாங்கினாள். சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூப்பூவாக விரியும் வகை. சித்ராதேவியின் தொட்டியில் அது நான்கே மாதத்தில் கல் முழுக்கப் பரவி, ஆரஞ்சும் பச்சையுமாக நின்றது. மைதிலியின் தொட்டியில் பூக்கள் தவிட்டு நிறமாகி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடியில் பாசி வேறு.

சேவூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சித்ராதேவி வீட்டில் அரைமணி நேரம் நின்று போட்டோ எடுத்தார்கள். மைதிலி வீட்டுக்கு வந்து, "உங்குளுது ஏனுங்க மங்கிக் கெடக்குது?" என்றார்கள்.

ஒருநாள் மைதிலி பொறுக்காமல் கேட்டுவிட்டாள். "எப்படிங்கக்கா வளத்தறீங்க?"

"நான் எங்க வளத்தறேன்? கடைக்காரர் சொன்னாரு. நம்ம கண்ணுக்கு அழகாத் தெரியற வெளிச்சம் வேற, பவளம் வளர்றதுக்கு வேணுங்கற வெளிச்சம் வேறயாம். அதுக்கு நீலந்தா முக்கியமாம். நீலம் அறுவது பர்சென்ட், வெள்ளை பத்து, நாளைக்கு எட்டு மணி நேரம். அதுவும் மொதல்ல கம்மியா வெச்சு, வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தச் சொன்னாரு. எனக்கென்ன தெரியும் கண்ணு, சொன்னபடி வெச்சேன்."

எனக்கென்ன தெரியும் என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் மைதிலிக்கு எரிந்தது. அவளிடம் இருந்த அதே விளக்கை மறுநாளே வாங்கியிருக்கலாம். வாங்க மனம் வரவில்லை.

மாசியில் சித்ராதேவியின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நான்கு நாள் உடுமலைப்பேட்டையில் இருக்க வேண்டும். சாவியை மைதிலியிடம் கொடுத்தாள். "தண்ணி கொறஞ்சா ஊத்தி உடு. லைட்டத் தொட வேண்டாம், அதுவே எரிஞ்சு அணைஞ்சுக்கும்."

முதல் நாள் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். இரண்டாம் நாள் காலையில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சித்ராதேவியின் பவளப் படத்தைப் போட்டிருந்தார்கள். வரிசையாக இதயங்கள். மைதிலி நேராகப் போய், விளக்கின் மேலிருந்த பட்டனை அழுத்தி வெள்ளையை நூற்றுக்கு ஏற்றினாள். எரியும் நேரத்தையும் பன்னிரண்டு மணி நேரமாக்கினாள். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று மட்டும்தான் நினைத்ததாகத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பூக்கள் மூடிக்கொண்டன. நான்காம் நாள் கல்லில் பாதிப் பவளம் வெளுத்திருந்தது. அவசரமாகப் பழையபடி குறைத்து வைத்தாள்.

ஊரிலிருந்து வந்த சித்ராதேவி, பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன்னால் நின்றாள். பிறகு கடைக்காரரை போனில் கூப்பிட்டாள். அவர் என்ன கேட்டாரோ, அவள் சொன்னாள்: "இல்லீங்க, லைட்ட யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. எங்க மைதிலிதா பாத்துக்கிட்டா. லைட்டப் பத்தி அவளுக்குத் தெரியாததா?"

அவள் போனை வைக்கும் வரை மைதிலி காத்திருந்தாள்.

"நாந்தானுங்கக்கா ஏத்தி வெச்சேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சேதானுங்க."

சித்ராதேவி அவள் முகத்தையே பார்த்தாள். "சாவியக் குடு," என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் இரண்டு மாதம் பேச்சு இல்லை. வெளுத்த பாதி கரைந்து போனது. மீதி மெல்லத் தேறியது. இந்தப் பக்கம் மைதிலி தன் வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு, நீலம் கூடிய ஒன்றை வாங்கி ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டாள். முப்பதில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்தாக ஏற்றினாள். சித்திரை முடிவதற்குள் அவள் தொட்டியில் பூக்கள் குட்டையாக, நெருக்கமாக விரிந்தன. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதுகுத்துக்கு அழைக்கச் சித்ராதேவி வந்தாள். பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுத் தொட்டியருகே போனாள்.

"எத்தன வெச்சிருக்கற?"

"நீலம் அம்பத்தஞ்சுங்க."

சித்ராதேவியின் கண்கள் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மெதுவாக நகர்ந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று மைதிலிக்கு நன்றாகத் தெரியும்; அவளே அப்படிப் பார்த்தவள்தான்.

ஐந்தாறு பூக்கள் ஒட்டிய சிறு கல்லொன்றை மைதிலி எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்கக்கா."

"வேண்டாம்," என்றாள் சித்ராதேவி. "என்ரதே தேறி வந்துரும்."

வாசல் வரை போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைதிலி கல்லை மறுபடி தொட்டிக்குள் வைத்தாள்.