காந்தம் ஒட்டிய பக்கம்

‘எங்கள் சாலையில் கலப்படம் இல்லை’ என்று மூன்று தலைமுறையாக லாரிகளில் எழுதி ஓட்டுகிற குடும்பம். அதில் பிறந்த மகள், ஜல்லிக்குப் பதிலாக இரும்பாலைக் கசடைத் தாரில் கலக்கலாம் என்றால் கான்ட்ராக்டர் அப்பாவுக்கு எப்படியிருக்கும்?

“ஆலை துப்பினதை அள்ளிட்டு வந்து ரோடு போடறதா? தாத்தா பேரு என்னம்மா ஆகும்?”

மகளும் அவர் ரத்தம்தானே, மசியவில்லை. கடைசியில் பந்தயம். சொந்தத் தெருவில் ஒரு பக்கம் கசடு, மறுபக்கம் ஜல்லி. மழைக்காலம் தாண்டிக் கசடு நின்றால் அடுத்த வேலை முழுக்க அவள் இஷ்டம். பெயர்ந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

“இந்தக் கூத்தை நான் பார்க்க மாட்டேன்” என்று தெருவில் தார் போட்ட இரண்டு நாளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எந்தப் பக்கம் எதுவென்று கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மழை ஓய்ந்தது. இடப்பக்கம் நாலைந்து இடத்தில் பொத்தல். வலப்பக்கம் கண்ணாடி மாதிரி கிடந்தது. கான்ட்ராக்டர் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வலப்பக்கமே நடை போட்டார்.

“பாத்தியா? இதுதான் நம்ம ஜல்லி!”

“அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்ற மச்சினன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

மகள் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றை நீட்டினாள். “கசட்டுல இரும்பு இருக்கும்பா. நீங்களே வச்சுப் பாருங்க.”

பொத்தல் பக்கம் வைத்தார். ஒட்டவில்லை. வலப்பக்கம் வைத்தார். டக்!

பத்தடி தள்ளி வைத்தார். டக்!

மாடியிலிருந்து மனைவி சிரித்தாள். ‘ஹாரன்’ என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர், லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். மச்சினன் நடுத்தெருவில் உட்கார்ந்தேவிட்டான்.

கான்ட்ராக்டர் முதுகை நிமிர்த்தினார். மீசை மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் துடித்தது.

“நம்ம வீட்டுல வாக்கு மாறினதில்ல. டேய் ஹாரன், ஆலைக்கு வண்டிய விடு!”

“ஐயா, லாரியில கலப்படம் இல்லைன்னு…”

“அழிச்சிட்டு, சோதிக்காம எதையும் போட மாட்டோம்னு எழுதச் சொல்லு. எழுத்து பெருசா இருக்கணும்!”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். டக்!

“என்னங்க, சாப்பிட வாங்க!”

“இருடி, அந்த முனை வரைக்கும் பாக்கியிருக்கு.” டக்!