வெண்ணிலா போடாத கையெழுத்து

சேர்வராயன் கோயில் திருவிழா. காலையிலிருந்தே வெண்ணிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மலைக்காரப் பெண் ஒருத்தி பஞ்சாயத்துத் தலைவராகி நடக்கும் முதல் திருவிழா. போதாக்குறைக்கு, தம்பி சக்தி முதல்முறையாகச் சாமிக்குத் தோள் கொடுக்கப் போகிறான். கேட்கவா வேண்டும்!

அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "பிரசிடெண்டுங்களா? மகஜர்ல ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். வெரசா வாங்க."

திருவிழா வந்தால் வெள்ளக்கடை வளைவில் போலீஸ் நிற்பதும், டூவீலரில் வரும் மலைப் பையன்களைப் பிடிப்பதும் வருஷா வருஷம் நடப்பதுதான். டூரிஸ்ட் காருக்கு சல்யூட், நம் பையன்களுக்கு ஸ்டேஷன் பெஞ்சு! பிடித்ததை எழுதிவைக்கும் மகஜருக்குச் சாட்சி பஞ்சாயத்துத் தலைவர். முன்பிருந்த சேகர் டவுனில் லாட்ஜ் வைத்திருப்பவர். என்ன ஏது என்று கேட்காமல், டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தப் பழக்கதோஷத்தில்தான் இவளையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெஞ்சில் மூன்று பையன்கள், நடுவில் மஞ்சள் வேட்டியோடு சக்தி. மேஜைமேல் மூன்று கத்திகள்.

"ஆயுதத்தோட வந்திருக்கானுங்க. போடுங்கம்மா," என்றார் எஸ்.ஐ. தேவசிகாமணி, பேனாவை நீட்டியபடி.

"ஏனுங்க சார், இது ஆயுதமுங்களா? காப்பிச் செடி கவாத்துப் பண்ற கத்திங்க. சாமி வர்ற வழியில செடி கொடிய வெட்டித் திருத்தறது தோள் குடுக்கறவங்க வேலைங்க. பாருங்க, அலகுல பச்சகூடக் காயல."

"அதெல்லாம் கோர்ட்ல சொல்லிக்கட்டும்."

கேஸ் விழுந்தால் இன்றைக்குச் சாமி தூக்குவது மட்டுமா போகும்? நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் அது பின்னாலேயே வரும். வெண்ணிலா பேனாவைத் தொடவில்லை. அதற்குள் கான்ஸ்டபிள் கோபி குனிந்து எஸ்.ஐ. காதில் ஏதோ சொன்னார். எஸ்.ஐ. முகம் சட்டென்று இளகியது.

"அடடா, உங்க தம்பிங்களா? மொதல்லயே சொல்லக்கூடாதா? கூட்டிட்டுப் போங்க. மத்த ரெண்டு பேருக்கு மட்டும் போட்டுக் குடுங்க."

மேலே கோயிலில் மேளம் கேட்டது. பொய் சொல்வானேன், தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் சக்தி எழவில்லை. மற்ற இருவரும் தலையே நிமிர்த்தவில்லை.

"எந்தம்பின்னு உட்டீங்கன்னா, எனக்கு ஓட்டுப் போட்ட ஊட்டுப் பையனுகளுக்கு நான் யாருங்க சார்?" என்றாள் அவள். "மூணு பேரையும் உடுங்க. இல்லீன்னா நானும் இங்கியே உக்காந்துக்கறேன். கையெழுத்து மட்டும் என்ற கையில வராதுங்க."

சொன்னபடியே பெஞ்சில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலிலிருந்து எஸ்.ஐ.க்குப் போன்மேல் போன். தோள் கொடுக்க மூன்று பேர் குறைகிறார்கள், சாமி கிளம்பவில்லை, கூட்டம் கொதிக்கிறது. பந்தோபஸ்து யார் பொறுப்பு? அதே தேவசிகாமணி! மனுஷன் வியர்த்து வழிந்தார். கையெழுத்துப் போட வேறு தலைவரைத் தேடி எங்கே போவது?

கடைசியில் கத்திகளைத் தள்ளிவிட்டார். "எடுத்துக்கிட்டு ஓடுங்கடா!"

"'டா' வேண்டாமுங்க சார்," என்றாள் வெண்ணிலா.

கோபி சிரிப்பை அடக்கிக்கொண்டார். எஸ்.ஐ. அவளை ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு, "சரி, போங்க. மூணு பேரும் போங்க," என்றார்.

மூவரும் பிடித்தார்கள் ஓட்டம்! பின்னாலேயே வாசலுக்கு வந்த வெண்ணிலாவின் காதில் வயர்லெஸ் சத்தம் விழுந்தது. "வெள்ளக்கடை பாயிண்ட்! இன்னும் ரெண்டு பேர் கத்தியோட வர்றாங்க சார். புடிச்சிரலாமா?"

எஸ்.ஐ. வாசலில் நின்ற வெண்ணிலாவை ஒரு பார்வை பார்த்தார்.

"எந்தத் தோட்டத்துல வேலைன்னு மொதல்ல கேளுய்யா," என்றார் தேவசிகாமணி.