ரேஷன் கார்டு விஷயமாக

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் அட்டையில் கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது (பெயர் வேண்டாம்). தீராத நோயாளிகளின் வீடுகளுக்கு நர்ஸ், தண்ணீர் மெத்தை, வலிமருந்து, உதவித்தொகை எல்லாவற்றையும் ஓர் ஒழுங்கில் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. அந்த ஒழுங்குக்குப் பொறுப்பு முஃபீதா. மனுக்கள் எழுத நான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை உண்டு. ஜேசுதாசன் என்பவரின் அட்டையில், 'குறிப்பு' என்ற இடத்தில், முஃபீதாவின் கையெழுத்தில் இரண்டு வரிகள்:

மனைவி கேட்டுக்கொண்டது: நோய் இன்னதென்று இவருக்குத் தெரியக்கூடாது.

இவர் கேட்டுக்கொண்டது: இவருக்குத் தெரியும் என்று மனைவிக்குத் தெரியக்கூடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், அந்திச் சூரியன்..." வேண்டாம். சூரியன் இல்லாமலும் இந்தக் கதை நடக்கும்.

அடுத்து: "முஃபீதா கருணையே உருவானவள்." முஃபீதாவே இதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, போன வாரம் மெத்தக்காரன்ட்ட நான் பேசுன பேச்ச நீங்க கேக்கலியா?" என்றாள். அடித்துவிட்டேன்.

3

ஆகவே நேராக.

புதன்கிழமை காலை, புன்னக்காயலில், வண்டியை மாதா கோயிலுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள் முஃபீதா. வண்டியின் பக்கவாட்டில் நோயின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. (அதை இங்கே எழுதமாட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவி தெரசா கேட்டிருக்கிறாள். வாசகரும் யாரோ ஒருவர்தானே.) அங்கிருந்து நடை.

அந்த வீட்டில் முஃபீதா ரேஷன் கார்டு விஷயமாக வருகிறவள். இது தெரசாவின் ஏற்பாடு. ரேஷன் கார்டுக்கு வருகிறவள் எதற்கு வலியைப் பற்றி விசாரிக்கிறாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஜேசுதாசன் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலுக்கடியில் அவருடைய வள்ளத்தின் எஞ்சின், பச்சைச் சாக்கில். சாக்கின் வாயைக் கட்டியிருந்தது ஒரு பள்ளிக்கூட டை. மெரூன் நிறம், குறுக்கே வெள்ளைக் கோடு. மகன் ரெக்சன் கப்பல் வேலைக்குப் போகும்போது கட்டிவிட்டுப் போனது.

(இந்த டை கதைக்கு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.)

"கார்டு சரியாயிட்டா தாயி?"

"இன்னும் கொஞ்சம் வேல கெடக்கு ஐயா. வலி பத்துக்கு எத்தன?"

"கார்டுக்கா, எனக்கா?"

தெரசா அடுப்படியிலிருந்து சிரித்தாள். சிரிப்பு தேவைக்கு மேல் நீண்டது. அவள் குடத்தோடு வெளியே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன நாளு புள்ள?"

"இந்த மாசம் தாண்டுறது கஷ்டம் ஐயா. ரெக்சனுக்குச் சொல்லிருவோமா?"

"அத அவன் அம்மைல்லா சொல்லணும். நான் சொன்னா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்லா?"

குழாயடியில் தெரசா.

"அக்கா, பிள்ளைக்கு ஒரு போன்..."

"வேண்டாம்மா. சொன்னா ஓடி வந்து நிப்பான். காரணமில்லாம அவன் வந்து நின்னா அவருக்கு வெளங்கிராதா? ஒண்ணுந் தெரியாம நிம்மதியா தூங்குதாரு. அப்பிடியே இருக்கட்டும்."

கூடங்குளத்தில் இருக்கும் ஆக்சிஜன் கருவியை மதியத்துக்குள் நாங்குநேரிக்கு மாற்றிவிடுகிறவள் முஃபீதா. ஒரே வீட்டில் ஆறடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேரை அவளால் இணைக்க முடியவில்லை. இருவரில் ஒருவராவது சம்மதிக்காமல் மூன்றாவது ஆளிடம் சொல்லக்கூடாது என்பது நிறுவன விதி. விதியை எழுதியவளும் அவள்தான்.

வண்டியில் ஏறியதும் முஃபீதா கண்ணைத் துடை...

இல்லை. "அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு" என்றாள்.

4

முடிவு அ: கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். எழுத அழகாக வந்தது. முப்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

முடிவு ஆ: முஃபீதா விதியை மீறிப் போன் செய்கிறாள். "நான் செய்யாதத எழுதாதீங்க" என்றாள்.

முடிவு இ: ரெக்சன் அடக்கம் முடிந்து வருகிறான். இது ஒன்றுக்குத்தான் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

5

கைப்பிரதியை முஃபீதாவிடம் கொடுத்தேன். நோயின் பெயரை ஓரிடத்தில் தவறி எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால் அடித்தாள். டை வரும் இடத்தில் பேனா நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு மூடியைப் போட்டாள்.

"சீக்கிரம் அனுப்புங்க அண்ணாச்சி."

பெயர்களையும் ஊரையும் கிழமையையும் மாற்றியிருக்கிறேன். டையை மாற்றவில்லை. இந்த இதழைக் கப்பல்காரர்களும் கைப்பேசியில் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார்.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. அந்த டையைக் கட்டியவர் இதைப் படித்தால், அது அவருடையது. மற்றவர்கள், கப்பலில் யாரையாவது தெரிந்தால், அனுப்பிவையுங்கள். திருவனந்தபுரத்தில் காலையில் விமானம் இறங்கினால் மாலைக்குள் வீடு. இப்போது எதற்கு வந்தாய் என்று இருவருமே கேட்பார்கள்.

ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க வந்ததாகச் சொல்லவும். இருவரும் நம்புவார்கள்.