மயானத்துக்குப் போகாத சாலை

விடியற்காலையில் மல்லி மொட்டைப் பறித்து, பூ வண்டி வருவதற்குள் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். எரியோட்டுப் பக்கம் முள்ளிக்கரைப்பட்டியில் பொன்னுத்துரைக்கும் அவர் மகள் பவித்ராவுக்கும் இதுதான் அன்றாடப் பிழைப்பு. பறித்து முடித்துவிட்டுத்தான் பவித்ரா நூல் மில் பஸ்ஸுக்கு ஓடுவாள். அன்றைக்குக் கை மொட்டில் இருந்தாலும், அவள் பார்வை தோட்டத்து ஓரமாகப் போட்டிருந்த புதுத் தார்ச் சாலையிலேயே இருந்தது.

"அப்பா, நம்ம மயானம் எங்கிட்டு இருக்கு?"

"என்னத்தா கேள்வி இது? ஓடைக்கு அங்கிட்டு, நேர் மேக்க."

"பெறகு இந்த ரோடு ஏன் புளியமரத்துக்கிட்ட தெக்க திரும்புது?"

பொன்னுத்துரைக்குச் சுருக்கென்றது. "போற உசுருக்காகப் போட்ட ரோட்டுல நொட்டம் சொல்லாத. வாய மூடிக்கிட்டுப் பூவப் பறி."

அந்தச் சாலைக்குத் தோட்டத்தில் ஒரு துண்டு இடம் கொடுத்தவர் அவர்தான். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவர் மனைவி இறந்தபோது, பாடை தூக்கியவர்கள் வரப்புச் சேற்றில் வழுக்கி, பாடையே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த மனுஷன். அதனால் ஊராட்சித் தலைவர் பாண்டியராஜ் வந்து, "மாமா, மயானத்துக்கு ரோடு வந்திருக்கு, உங்க தோட்டத்துல ஒரு வண்டித் தடம் எடம் வேணும்" என்று சொன்னதும், பூத்துக் குலுங்கிய செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார்.

பணம் கேட்கவில்லை. ஒரு காகிதம்கூடக் கேட்கவில்லை. செத்தவர்கள் போகிற வழிக்கு விலை பேசினால் வீட்டில் அடுத்த சாவு விழும் என்பது அந்த ஊரில் பரம்பரைப் பயம். பயம் என்னவோ நல்ல பயம்தான். ஆனால் பாண்டியராஜும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், அதையும் பார்க்க வேண்டும் அல்லவா? யாரிடம் எதைச் சொன்னால் வாய் மூடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

சாலை தெற்கே திரும்பி, திண்டுக்கல்கார வீட்டுமனைக் கம்பெனி ஒன்று வாங்கிப் போட்டிருந்த தரிசு நிலத்துக்குள் நுழைந்தது. கொஞ்ச நாளில் அங்கே ஆர்ச் எழும்பியது. கலர் கலராகக் கல் நட்டு, கொடி கட்டினார்கள். ஊருக்குள் காலனித் தெரு இருட்டிக் கிடக்க, ஒரு குடிசைகூட இல்லாத அந்தப் பொட்டலில் பஞ்சாயத்து விளக்கு எரிந்தது. மயானத்துக்குப் போகும் பழைய ஒற்றையடிப் பாதையையும் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். கேட்டவர்களிடம் பாண்டியராஜ், "பிளாட்டுக்கு உள்ளாற பூந்து போனாலும் மயானந்தானப்பா வருது. மிச்ச ரோட்ட அடுத்த நிதியில போட்டுருவோம்" என்றார். ஊரும் சரி என்று தலையாட்டியது.

அதோடு நிற்கவில்லை. மறுபடியும் தோட்டத்துக்கு வந்தார். "மாமா, மயானத்துக்கு வாரவுக குளிக்க ஒரு தண்ணித் தொட்டி கட்டணும். உங்க கெணத்தடியில கொஞ்சம் எடம் விட்டா புண்ணியமாப் போகும்."

கிணற்றடி மல்லிதான் அந்தத் தோட்டத்திலேயே நன்றாகப் பூப்பது. அதுவும் போனால் பூ வண்டிக்குப் போட மூட்டையே இருக்காது. இருந்தும் மயானம் என்று சொன்ன பிறகு முடியாது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

பவித்ரா விடவில்லை. "மயானத்துல குளிக்கிறதுக்கு எதுக்குப்பா நம்ம தோட்டத்துல தொட்டி? கொழாய் எங்கிட்டுப் போகுதுன்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை. மகள் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவரும் ஆர்ச்சுப் பக்கம் போகிற ஆளையும் வண்டியையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெருமாள்சாமி இறந்துபோனார். கொட்டுச் சத்தத்தோடு பாடை புறப்பட்டது. ஊராட்சித் தலைவர் என்ற முறையில் பாண்டியராஜும் மாலையோடு கூட வந்தார். ஆர்ச் வாசலில் சாலைக்குக் குறுக்கே சங்கிலி கிடந்தது. உள்ளே வேன் நிறைய ஆட்கள் பிளாட் பார்க்க வந்திருந்தார்கள்.

வாட்ச்மேன் ஓடிவந்தான். "கஸ்டமர் வந்திருக்காங்க. பொணத்த இதுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு ஆர்டர்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். பாண்டியராஜ் பொன்னுத்துரையின் காதோரம் குனிந்தார். "செத்த நேரம் பொறுங்க மாமா. வேன் போயிரட்டும். இதப் பாத்தா ஒரு பயலும் அட்வான்ஸ் குடுக்க மாட்டான்."

பொன்னுத்துரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாந்துவிட்டோம் என்பது அந்த நிமிஷம்தான் அவர் மண்டையில் ஏறியது. "பஞ்சாயத்துக் காசுல போட்ட ரோட்டுல நம்ம பெருமாள்சாமி போகக் கூடாதா? அப்ப இத யாருக்குப் போட்ட?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

பாண்டியராஜ் மாலையைக் கை மாற்றிக்கொண்டு வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வேனில் வந்தவர்களில் ஒருவர், திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் முகமது யாசின், பாடையைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றிருந்தார். அவர் வாசலுக்கு வந்தார். "அண்ணே, இது என்ன ரோடு?"

"மயானத்துக்குன்னு சொல்லி என் தோட்டத்துல எடம் வாங்கிப் போட்ட ரோடுங்க."

யாசின் கம்பெனி ஆளைப் பார்த்தார். "அரசாங்கமே ரோடும் லைட்டும் போட்டுருக்கு, தண்ணித் தொட்டி வரப் போகுதுன்னு அம்புட்டுப் பேசுனீங்களே. செத்துப்போன மனுசனோட மய்யத்துக்கு வழி விடாத எடத்துல எனக்கு வீடு வேணாம். மொதல்ல சங்கிலியக் கழட்டுங்க."

சங்கிலி இறங்கியது. பாடை பிளாட்டுகளுக்கு நடுவே போய், தார் முடிகிற பின்வேலியைப் பிரித்துக்கொண்டு, பழைய சேற்றில் இறங்கியது.

எரியூட்டித் திரும்பும்போது பாண்டியராஜ் மெதுவாகப் பக்கத்தில் வந்து நடந்தார். "மனசுல வச்சுக்கிறாதீக மாமா. தொட்டி விஷயம்..."

பொன்னுத்துரை நின்றார். பின்னால் வந்த ஊர்ச்சனமும் நின்றது.

"தொட்டிக்கு எடம் கெடையாது. மயானம்னு சொன்னா நாங்க கணக்குக் கேக்க மாட்டோம்னு தெரிஞ்சுதான் அந்தப் பேரச் சொன்ன. எம் மக கேட்டப்ப அவ வாயத்தான் நான் அடைச்சேன். எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. பஞ்சாயத்துப் பணம் தலைவர் பணமில்ல, நாம கட்டுன வரி. நல்ல காரியம்னு யாரு வந்து சொன்னாலும், ரோடு எங்க போயி முடியுது, தண்ணி யாரு வீட்டுக்குப் போகுதுன்னு கேட்டுட்டுத்தான் தலையாட்டணும். கேக்குறது பாவமில்ல. நாம கேக்காம இருந்ததுக்குத்தான் பெருமாள்சாமி வாசல்ல காத்துக் கெடந்தான்."