பன்னிரண்டாம் காரணி

என் இரத்தம் உறையாது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பேசாலையில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று கொழும்பில் சொன்னார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் சோதித்தபோது இரத்தம் உறைய வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. காரணம் தெரிய மூன்று கிழமை ஆகும் என்றார் இரத்தநோய் வைத்தியர் ஹம்சிகா. பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாராம். அது மட்டும் என் காதில் விழவில்லை.

ஊருக்கு வந்ததும் கடையைப் பூட்டினேன். சவரம் செய்வதை நிறுத்தினேன். மீன் முள் குத்திவிடும் என்று என் மனைவி எடித்தைக் கொண்டு மீனைப் பிய்த்துத் தரச் செய்தேன். என் அடக்கப் பூசையில் என்ன பாட்டுப் பாட வேண்டும் என்றுகூட அவளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை.

முப்பது வருடமாக எஞ்சினில் கை வெட்டுப்படாத நாளில்லை, அப்போதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டு தரம் கேட்டாள். மருத்துவம் தெரியாதவளோடு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன்.

முடிவு சொல்லும் நாள் வந்ததும் இருவரும் கொழும்புக்குப் போனோம். வைத்தியர் அறிக்கையைப் பார்த்தார். என் தாடியையும் பார்த்தார்.

"எமிலியானுஸ் ஐயா, கை வெட்டுப்பட்டால் இரத்தம் நிக்க எவ்வளவு நேரமெடுக்கும்?"

"துணியாலை சுத்திப்போட்டு வேலையைப் பாப்பன். பிறகு கவனிக்கிறேல்லை."

"இரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களைக் காரணி எண்டு சொல்லுவம். உங்களுக்குக் குறைஞ்சிருக்கிறது பன்னிரண்டாம் காரணி. அதாலை சோதனைக் குழாயுக்கைதான் உறையப் பிந்தும். உடம்பிலை ஒழுங்கா உறையும்."

எடித் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. இதயத்தை நிறுத்தி இயந்திரத்தோடு இணைக்கும்போது இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றுவார்கள். அது போதுமா என்று பார்க்கும் வழமையான சோதனை என் இரத்தத்தில் பொய் சொல்லும். மருந்து குறைவாக இருந்தாலும் போதும் என்று காட்டும்; பிறகு இயந்திரத்துக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடலாம். ஆகவே மருந்தின் அளவையே நேராக அளக்கும் வேறொரு சோதனை செய்வார்களாம். உண்மையில் பயப்பட வேண்டிய இடம் அதுதான். என்னிடம் பயமே மிச்சமிருக்கவில்லை.

சத்திரசிகிச்சை ஐந்து மணித்தியாலம் நடந்தது. கண் விழித்ததும் எவ்வளவு இரத்தம் போனது என்று தாதியிடம் கேட்டேன். மற்றவர்களைவிடக் குறைவு, எனக்கென்று வைத்திருந்த இரத்தத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எடித் விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் அவர்தான் சொன்னார். அவளும் பயந்திருப்பாள் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

"போய்ச் சாப்பிட்டிட்டு வா," என்றேன், கட்டிலருகில் நின்ற எடித்திடம்.

"பேசாமல் படுங்கோ," என்றாள். போகவில்லை.