தமிழழகன் தனியாகப் போன பஸ்

1

இந்தக் கதை என் தவறிலிருந்து தொடங்கியது. அரியலூரில் பஸ் ஏறப்போன பார்வையற்ற ஒருவருக்கு உதவுவதாக நினைத்து, அவருடைய வெள்ளைக் கோலைப் பிடித்து இழுத்தேன்.

“கோலப் புடிச்சா எனக்குப் படி தெரியாது சார்,” என்றார் நிதானமாக. “உங்க முழங்கையக் குடுங்க, நான் புடிச்சுக்கிறேன்.”

அவர் தமிழழகன். ஆலத்தியூர்க்காரர். அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வரை பேசிக்கொண்டே போனோம். பிறகு அவர் வீட்டுக்கும் இரண்டு முறை போனேன்.

2

அவரைப் பற்றிய கதையின் முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘இருள் சூழ்ந்த அவர் வாழ்வில்...’

அடித்துவிட்டேன். அவருக்குத் தெரிவது இருட்டே இல்லையாம். மழைக்கு முந்தைய வானம்போல ஒரு சாம்பல் நிறமாம்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கண் நீர் அழுத்த நோய் முப்பத்தெட்டு வயதில் பார்வையை எடுத்துக்கொண்டது. இரண்டு வருடம் வாசலைத் தாண்டவில்லை. மனைவி அமிர்தவல்லி சோறு பிசைந்து ஊட்டினாள். (“ஊட்டுனாள்னு எழுதாதீங்க சார்,” என்றார். சற்று நேரம் கழித்து, “சரி, எழுதுங்க. அது நடந்ததுதானே,” என்றார்.)

பிறகு திருச்சியில் மூன்று மாதப் பயிற்சி. கோல் பிடித்து நடக்கவும், பேசும் போனைப் பயன்படுத்தவும் கற்றார். அரியலூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் அரவிந்தன், ஒவ்வொரு பாகமாக அவர் கையில் கொடுத்தார். தடவிப் பார்த்தே எந்த வண்டிக்கு உரியது என்று சொன்னார் தமிழழகன். வேலை கிடைத்தது.

“தெனம் நான் கொண்டாந்து வுடுறேன்,” என்றாள் அமிர்தவல்லி.

“அப்புறம் நீ வேலைக்குப் போற மாதிரிதான் இருக்கும். நான் ஒத்தையிலயே போறேன்.”

3

(இந்தப் பகுதியை இரண்டு முறை நீக்கினேன்.)

முதல் நாள் அவர் பின்வாசலில் ஏறினார். முன்வாசலில் அமிர்தவல்லி ஏறினாள். வாயில் விரல் வைத்து நடத்துநரிடம் சாடை காட்டினாள். அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அவர் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டார். அவளும் இறங்கினாள். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவர் முகம் வெளிறியது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்துவிட்டாள் அவள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். டீ ஆற்றும் சத்தம் வந்த திசையில் நடந்தார். யாரிடமோ வழி விசாரித்தார். கால் மணி நேரத்தில் கடைப் படியேறினார்.

அவள் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள். அதன்பின் பின்தொடரவில்லை.

4

இதை என்னிடம் சொன்னவள் அமிர்தவல்லி. “மொத நாள்லேருந்து ஒத்தையிலதான் போறேன்” என்று எல்லாரிடமும் சொல்பவர் அவர். கதை அச்சில் வந்தால் அவருடைய போன் அதை வாசித்துவிடும்.

‘அவருக்கு ஏற்கனவே தெரியும்’ என்று ஒரு முடிவு எழுதினேன். மனதுக்கு இதமாக இருந்தது. பொய் என்பதால் கிழித்தேன்.

அமிர்தவல்லியிடமே கேட்டேன். “போடுங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்,” என்றாள். ஒரு மாதம் ஆனது. “இன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். சிரிச்சுக்கிட்டே வந்தாரு, வுட்டுட்டேன்,” என்பாள்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவள் சொல்லிவிட்டாள் என்று பொருள்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்ன மறுநாள் காலை ஏழரை பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.